“சும்மாதான் இருக்கேன்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள்!

சகோதரிகளே, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். வயது 42. நாலு மாதத்துக்கு முன்னால் காலாப்பட்டில் ஒரு வளைகாப்புக்கு வீட்டுக்காரரோடு ஸ்கூட்டரில் போனார். கோட்டக்குப்பம் தாண்டுகிற இடத்தில் பின்னால் வந்த மினி லாரி இடித்துத் தள்ளிவிட்டது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. அக்காவுக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. தகடு வைத்துத் தைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தார். நான் ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோய் நின்றுகொண்டிருந்தேன்.

“என்ன வேலைம்மா பாக்கறீங்க?”

“வேலை எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வீட்ல சும்மாதான் இருக்கேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலை நாலரை மணிக்கு எழுந்து, மாமியாருக்கு வெந்நீர் வைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி ஆய்ந்து, ராத்திரி பத்தரைக்கு அடுப்பு துடைக்கிற மனுஷி சொல்கிற வார்த்தை அது! நாமும் அப்படித்தானே சொல்கிறோம், ரேஷன் கார்டில் தொடங்கி பள்ளிக்கூட விண்ணப்பம் வரைக்கும்?

போன வாரம் ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். “எலும்பு முறிவுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல சட்டத்திலேயே கிடையாதும்மா. கோர்ட்டுக்கு அலையாம வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்றாராம். அக்கா பேனாவை எடுத்தேவிட்டார். இடது கையால் கையெழுத்து சரியாக வரவில்லை என்று நாளைக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ராத்திரி என்னிடம் வந்து, “நீ நாலு விஷயம் படிக்கிறவளாச்சே, நிஜமா?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததையும், மறுநாள் சட்ட உதவி வக்கீல் அம்மாவிடம் கேட்டுக்கொண்டதையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

வந்தவர் சொன்னது பாதி நிஜம். பாதி நிஜம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று 164-ஆம் பிரிவு. யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயிர் போனால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை. இந்த வாசலில் தொகைக்கு வரம்பு உண்டு. இன்னொன்று 166-ஆம் பிரிவு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, வண்டிக்காரர் மேல் தப்பு என்று காட்ட வேண்டும். இங்கே உச்சவரம்பு கிடையாது, நியாயமான தொகை எதுவோ அது. ஆனால் முதல் வாசலில் இன்ஷூரன்ஸ் தரும் பணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால், இரண்டாவது வாசலில் போட்ட மனு காலாவதியாகிவிடும். வந்தவர் இதைச் சொல்லவில்லை.

எங்கள் தெருக் கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர். “எங்க கோத் சிவில்ல 1382-ஆம் பிரிவு ஒரே வரிதாம்மா. தன் தப்பால பிறத்தியாருக்குக் கெடுதல் பண்ணவன் அதை ஈடு கட்டணும். வரம்பாவது ஒண்ணாவது” என்பார். 2016-இல் அங்கே அந்தப் பிரிவுக்கு எண் மாற்றி 1240 ஆக்கினார்கள் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்!

சரி, வரம்பு இல்லாத வாசலுக்கே போனாலும், சம்பளமே வாங்காத பெண்ணுக்கு எதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்? இதுதான் நம் எல்லோருக்குமான கேள்வி. இதற்கு ஒரு கதையே இருக்கிறது.

1994-இல் சட்டத்தோடு ஓர் அட்டவணை சேர்த்தார்கள். வருமானம் இல்லாதவருக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம் என்றது. மாதம் 1,250. சம்பாதிக்காத மனைவி அல்லது கணவன் என்றால், சம்பாதிப்பவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. அதாவது, குமாஸ்தா மனைவி வைத்த ரசத்துக்கு ஒரு விலை, டாக்டர் மனைவி வைத்த ரசத்துக்கு மூன்று மடங்கு விலை! அந்த அட்டவணையை மாற்ற 2018 மே மாதம் வரை ஆயிற்று.

இதற்கிடையில் நீதிமன்றங்கள்தான் வழி திறந்தன. 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூர் இரும்பாலையின் நிறுவனர் தின விழாவில் தீப்பிடித்தது. செத்துப்போனவர்களில் நிறையப் பேர் வேடிக்கை பார்க்க வந்த பெண்களும் குழந்தைகளும். இழப்பீட்டைக் கணக்கிட நியமிக்கப்பட்ட முன்னாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், இல்லத்தரசியின் உழைப்பை வருஷத்துக்கு 12,000 ரூபாயாக மதிப்பிட்டார். 2001-இல் உச்ச நீதிமன்றம் அது மிகக் குறைவு என்று சொல்லி, 34 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 3,000, வருஷம் 36,000 என்று உயர்த்தியது. வீட்டை நடத்த இல்லத்தரசி செய்யும் பலவகை வேலைகளையும் கருத்தில் எடுத்துக்கொண்டது.

2010-இல் நீதிபதிகள் சிங்வியும் கங்குலியும் இன்னொரு வழக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்களை 2001 மக்கள்தொகைக் கணக்கில் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து ‘வேலை செய்யாதவர்கள்’ என்று போட்டதைக் கண்டித்தார்கள். அதற்கும் முன்பே, 2009-இல், நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இருந்த அமர்வு இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்புக் கொடுத்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறது. 2021 ஜனவரியில் நீதிபதி ரமணா, 2019-இல் அரசாங்கம் எடுத்த கணக்கைச் சுட்டிக்காட்டினார். சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். (நம் வீட்டில் அந்த 97 எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, அது வேறு விஷயம்.) இல்லத்தரசிக்கு வைக்கும் உத்தேச வருமானத்திலும் வருங்கால உயர்வைச் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 2024 பிப்ரவரியில், இல்லத்தரசியின் மதிப்பைக் கூலிக்காரர் வருமானத்துக்கும் கீழே வைப்பதா என்று கேட்டு, 2006-இல் உத்தரகாண்டில் இறந்த ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 6 லட்சம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

“அதெல்லாம் செத்தவங்களுக்கு. நான்தான் உயிரோட இருக்கேனே?” என்றார் அக்கா.

உயிரோடு இருப்பவருக்கு, காயத்தால் அவர் வேலை எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று பார்க்கிறார்கள். டாக்டர் சர்டிபிகேட்டில் போடும் ஊன சதவீதம் வேறு, வேலை செய்யும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு என்று 2010-இல் ஒரு தீர்ப்பு உண்டு. இடது கை போன தச்சருக்குப் பிழைப்பே போய்விடும், குமாஸ்தாவுக்கு அப்படியில்லை என்று அதிலேயே உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் வலது மணிக்கட்டு மடங்காத இல்லத்தரசிக்கு? குக்கர் மூடியைத் திருப்ப முடியவில்லை. ஈரப் புடவையைப் பிழிய முடியவில்லை. தேங்காய் துருவ, மாமியாரைத் தூக்கி உட்கார வைக்க, குழம்புச் சட்டியை இறக்க, பேத்திக்குத் தலை பின்ன, எதுவும் முடியவில்லை. நம்முடைய தொழிலே கைதானே!

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பேச்சுக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பு, திறன் இழப்பு 20 சதவீதம் என்று வைப்போம். வருஷத்துக்கு 1,20,000-இல் 24,000 நஷ்டம். 41 முதல் 45 வயதுக்கு 14-ஆல் பெருக்குவது வழக்கம்: 3,36,000. இந்த வயதுக்கு வருங்கால உயர்வு 25 சதவீதம் சேர்த்தால் 4,20,000. வைத்தியச் செலவு, வலிக்கு, உதவிக்கு ஆள் வைத்ததற்கு, எல்லாம் இதற்கு மேல். தீர்ப்பாயம் இதைவிடக் கூட்டலாம், குறைக்கவும் செய்யலாம். வருஷக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம். அவசரத்துக்குப் பணம் வேண்டியவர்களுக்கு அந்த இரண்டரை லட்சம் நல்லதாகவே இருக்கும். வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் அதுவும் இல்லை; கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம், அவ்வளவுதான். ஆனால் தெரிந்து கையெழுத்துப் போடுவது வேறு.

அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு பயம். கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம் ஆயிற்றே, அங்கே போய் அலைய வேண்டுமா? நமக்கு இந்த எல்லைத் தொல்லை பழகினதுதானே, பத்து நிமிஷம் வண்டி ஓட்டினால் இரண்டு அரசாங்கம். வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். புதுச்சேரித் தீர்ப்பாயமே போதும். ஆனால் சட்டத்தில் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் என்று எழுதியிருக்கிறது. அக்காவுக்கு நாலு மாதம் ஓடிவிட்டது, தள்ளிப்போடக் கூடாது. வக்கீலுக்குக் காசு? சட்டப்பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பிசியோதெரபி பில், ஆட்டோ வாடகை எழுதின தாள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டோம். பாத்திரம் தேய்க்க வைத்த பெண்ணிடம் மாதாமாதம் கூலி வாங்கிக்கொண்டதாக எழுதி வாங்கினோம். சமைத்துப் போட ஊரிலிருந்து தங்கை வந்து இரண்டு மாதம் இருந்தாளே, அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டோம். சொந்தக்காரர் செய்தால் இலவசம் என்று விட்டுவிட வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை சட்ட உதவி வக்கீல் அம்மாவிடம் போனோம். மனுவில் ‘தொழில்’ என்ற இடம் வந்ததும் அவர் பேனாவை நிறுத்தி, “காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றார். அக்கா கூச்சத்தோடு நாலரை மணி வெந்நீரில் ஆரம்பித்தார். வக்கீல் அம்மா மூன்றாவது பக்கம் திருப்பும்போது, மணி இன்னும் காலை பதினொன்றுதான் ஆகியிருந்தது அக்கா கணக்கில்.