வேட்டை விளையாட்டாகுமா?

ஆங்கில மொழியில் 'கேம்' என்றொரு சொல் உண்டு. பந்தாடுவதும் அச்சொல்லே, துமுக்கிக் குண்டுக்கு இரையாகி விழும் கடமானும் அச்சொல்லே. நீலமலையில் 1877-ஆம் ஆண்டு வெள்ளையர் தோற்றுவித்த வேட்டைக் கழகம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. ஈராண்டு கழித்து, 1879-இல் சென்னை அரசு இயற்றிய நீலமலை வேட்டை விலங்கு, மீன் காப்புச் சட்டமும் அவ்வாறே தாங்கி வந்தது. ஓர் உயிரை ஆட்டப் பொருள் என்று பெயரிட்டுவிட்டால், பின் அதனைக் கொல்வதற்கு நெஞ்சு கூச வேண்டியதில்லையன்றோ! தமிழில் இரையுண்டு, மாவுண்டு, விலங்குண்டு. கொல்லப்படும் உயிரை விளையாட்டென்று அழைக்கும் வழக்கு மட்டும் இல்லை. வேட்டை இங்குத் தொழிலாக இருந்தது.

இதனைக் கூறியவுடன், "தமிழ் வேந்தரும் வள்ளல்களும் வேட்டையாடவில்லையா?" என்று வினவுவார் உளர். வினா முறையானதே, மழுப்பலின்றி விடை கூறல் வேண்டும். ஆடினர். வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்துச் சென்றதை வன்பரணர் புறநானூற்றில் வியந்து பாடியுள்ளார். ஆயின் அப்பாட்டு அம்போடு முடியவில்லை என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். கொன்ற மானின் ஊனைப் பாணர் சுற்றத்திற்கு உணவாக ஈந்து, பொன்னும் அளித்து விடுத்தான் ஓரி என்பதே அப்பாட்டின் உயிர். ஊன் பசித்தவர் வயிற்றுக்குப் போயிற்று. தலை சுவருக்குப் போகவில்லை. தொல்காப்பியர் விலங்கையும் மரத்தையும் பறவையையும் தெய்வத்தோடும் உணவோடும் ஒருங்கு வைத்துக் கருப்பொருள் என எண்ணினார். அவ்வெண்ணத்தில் வளர்ந்த மக்களின் வேட்டுவத் தொழிலையும், விடுமுறை நாளில் கொலை புரியும் செல்வரின் பொழுதுபோக்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது.

அவ் வெள்ளையர் சட்டம் யாருக்காகக் 'காத்தது' என்பதையும் நோக்குதல் வேண்டும். உரிமம் பெற்றவன் சுடலாம், பெறாதவன் குற்றவாளி. உரிமம் பெறும் வாய்ப்பு துரைக்கு இருந்ததா, காட்டில் பிறந்த குறும்பனுக்கும் இருளனுக்கும் இருந்ததா என்று விளக்க வேண்டியதில்லை. வரையாட்டுக் கிடாய்களுள் முதிர்ந்தவற்றின் முதுகில் வெள்ளிய சேணம் விரித்தாற்போல் ஒரு நரைப்பட்டை தோன்றும். அவ்வழகே அவற்றுக்குக் கூற்றாயிற்று; வேட்டைக்காரர் தேடித் தேடிச் சுட்டது அவற்றையே. செந்நாயோ நச்சுயிரியாகக் கருதப்பட்டது; அதனைக் கொன்றவர்க்குப் பரிசுப் பணமும் கொடுக்கப்பட்டது. கரணியம், துரை சுடவேண்டிய மானை அது தின்றுவிடுகிறதாம்!

வேட்டைக்காரர்தாம் வரையாட்டைக் காத்தனர் என்றொரு கதை இன்றளவும் வழங்குகிறது. அதில் ஒரு பாதி உண்மையே. மூணாற்றை அடுத்த இரவிகுளம் அங்குள்ள தேயிலைத் தோட்ட வெள்ளையரின் வேட்டைக்காடாக இருந்தது. பிறர் நுழையாவண்ணம் அவர்கள் அதனைக் காத்தனர். முதுவர் குடியினரைக் காவலுக்கும் அமர்த்தினர். ஆனால் எதற்காகக் காத்தனர்? கோழிப் பண்ணையாளன் கோழியைக் காப்பது போலன்றோ! கேரள அரசு 1971-இல் அந்நிலத்தை எடுத்துக்கொண்டு, 1975-இல் காப்பகமாக்கி, 1978-இல் நாட்டுப் பூங்காவாக அறிவித்தது. நாடு முழுமைக்குமான காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. வேட்டைக் கழகங்களின் காவல் இன்றி அதற்குப் பின் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வரையாடு அழிந்ததா? 2025-இல் தமிழகமும் கேரளமும் ஒரே காலத்தில் எடுத்த கணக்கில் தமிழகத்தில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக 2,668 வரையாடுகள் காணப்பட்டன. துமுக்கி இல்லாமலேயே காத்தல் இயலும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இரவிகுளத்தின் இராசமலைப் பகுதிக்குச் சென்றவர் ஒன்றைக் கண்டிருப்பர். வரையாடுகள் பாதையோரத்தில், மக்கள் நடந்து செல்லும் தொலைவிலேயே அஞ்சாது மேய்கின்றன. குட்டி ஈனும் காலத்தில் ஆண்டுதோறும் அங்குப் பார்வையாளரை விடாது வாயிலையும் அடைத்துவிடுகின்றனர். மாந்தனைக் கண்டு ஓடாத இந்நம்பிக்கை ஒரே நாளில் வந்ததன்று. தலைமுறை தலைமுறையாகக் குண்டோசை கேளாமையால் வந்தது. நாட்டுப் பூங்காவில் வேட்டைக்கு இடங்கொடுத்தால், முதலில் விழுவது இவ்வாறு நம்பி நிற்கும் விலங்கே. நம்பி நிற்பதைச் சுடுவதில் வீரம் எங்கே இருக்கிறது?

"முதிர்ந்த சிலவற்றை மட்டும் சுடுவோம், மந்தைக்குக் கேடில்லை" என்பர். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்து இராம் மலையில் வாழும் பெருங்கொம்புக் காட்டாடுகளை 30 ஆண்டுக் காலம் பின்தொடர்ந்து அறிஞர் கண்டறிந்ததை 2003-இல் வெளியிட்டனர். பெரிய கொம்புடைய கிடாய்களையே வேட்டையாடி வந்தமையால், பின்வந்த கிடாய்களின் கொம்பும் உடல் எடையும் குறைந்துபோயின. காட்டுவேங்கை கொல்லுவனவற்றுள் நொண்டியும் நோயுற்றதும் குட்டியும் உண்டு. காசு கொடுத்த வேட்டைக்காரன் கொல்லுவது மந்தையின் தலைவனை. இயற்கை விதைக்கென விட்டுவைப்பதை இவன் அறுத்துச் செல்கிறான்.

எல்லைக்கோடு காக்கும் என்று நம்புவதற்கும் இல்லை. சிம்பாபுவேயின் உவாங்கே நாட்டுப் பூங்காவில் சிசில் எனப் பெயரிடப்பட்ட அரிமா, ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர் கழுத்துப்பட்டை பூட்டிப் பின்தொடர்ந்து வந்தது. 2015-இல் அதனைப் பூங்காவிற்கு வெளியே வரச்செய்து, பணம் செலுத்திய அமெரிக்கர் ஒருவர் அம்பெய்தார். பூங்காவிற்குள்ளேயே இடங்கொடுத்தால் என்னாகும் என்பதற்கு அலாசுகா சான்று. அங்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டுப் பூங்காத் துறையின் கீழுள்ள காப்பிடங்களில் விளையாட்டு வேட்டைக்கு வழிவிட்டது. வழி சிறிதெனினும் அதனுள் நுழைந்தவை எவை? கொழுப்பூறிய உணவையும் இனிப்புப் பண்டத்தையும் குவித்துக் கரடியை வரவழைத்துச் சுடுதல். முழைக்குள் விளக்கடித்துத் தாய்க் கரடியையும் குட்டியையும் கொல்லுதல். ஓநாய் குட்டி வளர்க்கும் காலத்திலேயே அதனைக் கொல்லுதல். 2015-இல் இவற்றை நடுவணரசு தடுத்தது. 2020-இல் அத் தடையை நீக்கியது. 2024-இல் கரடிக்கு இரை குவிப்பதை மட்டும் மீண்டும் தடுத்தது. ஆட்சி மாறுந்தோறும் கரடிக்குட்டியின் உயிர் மாறிமாறி விலை பேசப்படுகிறது. கதவை ஒரு விரற்கடை திறந்து வைப்பதன் பயன் இதுவே.

பணம் வரும் என்பது அடுத்த சொல். கெனியா 1977-இலேயே விளையாட்டு வேட்டையைத் தடைசெய்துவிட்டு, விலங்கைக் காணவருவோரைக் கொண்டே தன் பூங்காக்களை நடத்தி வருகிறது. இதற்குமேல் இச்சொல்லுக்கு விடை வேண்டாம்.

இவையெல்லாவற்றினும் உறுத்துவது வேறொன்று. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டுக் குடிகளுக்குத் தேனும் கிழங்கும் மேய்ச்சலும் உரிமையெனக் கூறிற்று. வேட்டையை மட்டும் அவ்வுரிமைகளினின்று விலக்கிவைத்தது. காட்டுநாயக்கன் ஒரு முயலுக்குக் கண்ணி வைத்தால் சிறை. பன்னூறாண்டு அக்காட்டில் உண்டு வாழ்ந்தவனுக்கு மறுக்கப்பட்டதை, நகரத்தினின்று வண்டியில் வந்திறங்கும் பணக்காரனுக்கு எம்முறை கொண்டு வழங்குவது? வெள்ளையன் உரிமம் திரும்பி வருகிறது என்பதன்றி இதற்கு வேறு பெயரில்லை.

உழவரின் இடுக்கண் பொய்யன்று. விளைந்த நிலக்கடலையையும் மரவள்ளியையும் ஒரே இரவில் காட்டுப்பன்றி கிளறிப் போட்டால், கடன்பட்டு விதைத்தவன் அழாது என் செய்வான்? 2025-இல் தமிழக அரசு இதற்கொரு முறை வகுத்தது. காட்டினின்று 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல் வேண்டும். அதற்கப்பால் காட்டுத்துறையினரே சுடலாம். இம்முறையில் குறையிருப்பின் திருத்துக. இழப்பீட்டை விரைந்து கொடுக்கச் செய்க. ஆனால் இத்துயரையே ஏணியாகக் கொண்டு வேட்டை விரும்பிகள் பூங்கா வாயிலில் ஏறி நிற்பதற்கு உழவரும் உடன்படலாகாது. 2018-இல் மராட்டிய மாநிலத்து யவத்மாலில், மாந்தரைக் கொன்றதாகக் கூறப்பட்ட பெண்புலிக்கு மயக்க ஊசி செலுத்திப் பிடித்தலே முதற்கடமை எனப்பட்டது. அழைத்துவரப்பட்ட தனியார் வேட்டைக்காரரின் குழுவோ அதனைச் சுட்டு வீழ்த்திற்று. பத்துத் திங்கள் நிரம்பிய இரு குட்டிகள் காட்டில் தனித்தன. ஆகவே தமிழகத்தில் காட்டுயிரைச் சுடவேண்டிய கட்டாயம் எப்போது நேரினும், அத்துமுக்கி அரசின் சம்பளம் பெற்று அரசுக்கு விடைகூறும் காட்டுத்துறையாளர் கையில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்றும், முக்கூர்த்தியும் முதுமலையும் உள்ளிட்ட பூங்காக்களுக்குள் தனியார் எவர்க்கும் எந்நாளும் வேட்டை உரிமம் இல்லை என்றும் அரசு எழுத்தில் உறுதி கூறுமாறு சட்டமன்ற உறுப்பினர்களைத் தமிழன்பர்கள் வற்புறுத்துக.