கைத்தாங்கலும் கைப்பிடியும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழா ஒரு மாடி மண்டபத்தில் நடைபெற்றதை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று என்னை ஒரு நாற்காலியில் அமர்த்தி, மாணவ நண்பர்கள் நால்வர் இரண்டு மாடி தூக்கிச் சென்றனர். அதைப் படம் எடுத்தவர்களும் உண்டு. ‘இதுவன்றோ தமிழர் பண்பு!’ என்று ஒருவர் மேடையில் பாராட்டவும் செய்தார். படத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததைச் சொல்லவே இன்று எழுதுகிறேன். அந்த நால்வரும் வருந்த வேண்டா. அவர்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை.

ஒன்பது வயதில், திருநெல்வேலியில் பள்ளிக்குச் செல்லும் வழியில் லாரி மோதி, என் இடக்கால் முழங்காலுக்கு மேலே போயிற்று. தந்தையாரின் வேலை மாற்றத்தால் பன்னிரண்டு வயதில் கொல்கத்தா வந்தேன். இப்போது வயது இருபத்து மூன்று. இயற்பியல் முதுகலை மாணவி. செயற்கைக் கால் ஒன்றும் ஊன்றுகோல் ஒன்றும் எனக்குத் துணை. சமதரையில் உங்களோடு சேர்ந்து நடப்பேன். படியும் ஏறுவேன், பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி மட்டும் வேண்டும். அந்த மண்டபத்துப் படிகளில் அது இல்லை. ஆகவேதான் நாற்காலி வந்தது.

ஏறியதுகூடப் பெரிதன்று. மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. இரவு எட்டு மணிக்கே வீடு திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் தூக்கி வந்த நால்வரில் இருவர் அப்போது நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தனர். அரசனும் அமைச்சனும் ஒப்பனை கலைத்து வரும்வரை, ஒன்பதே முக்கால் மணி மட்டும் காத்திருந்தேன். நினைத்தபோது எழுந்து போக முடியாத இடத்தில் இருப்பவர் விருந்தினரா, கைதியா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த நகரத்தில் இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் இறங்கும்போது பஸ் கண்டக்டர் ‘ஆஸ்தே லேடீஸ்!’ என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பார். ‘மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள்’ என்பது அதன் பொருள். எல்லாப் பெண்களுக்கும் பொதுவான குரல் அது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. அடுத்து வருவதுதான் உறுத்தும். ‘ஆஹாரே!’ என்பார் வங்காளத்து மாஷிமா. ‘ஐயோ பாவம், இந்த வயசிலேயா!’ என்பார் லேக் மார்க்கெட்டில் காய் வாங்க வந்த நம் ஊர் மாமி. மொழி இரண்டு, பார்வை ஒன்றே.

இரக்கம் காட்டாதவர்கள் ஊக்கமூட்ட வருவார்கள். ‘மசூதுர் ரஹ்மான் வைத்யாவைப் பார்!’ என்பார்கள். வங்காளம் தந்த அந்த வீரரை நானும் வணங்குகிறேன். சிறுவயதில் ரயில் விபத்தில் இரு கால்களையும் இழந்தவர், 1997-இல் ஆங்கிலக் கால்வாயையும் 2001-இல் ஜிப்ரால்டர் நீரிணையையும் நீந்திக் கடந்தார். 2015-இல் மறைந்தார். ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு காலுள்ள மாணவன் ஒருவனிடம், ‘கடலை நீந்திக் காட்டு, பிறகு மண்டபத்தில் இடம் தருகிறோம்’ என்று யாரேனும் சொன்னதுண்டா? கடைசி வரிசையில் அமர்ந்து உறங்கவும், பிடிக்காத சொற்பொழிவுக்கு நடுவே எழுந்து போகவும் அவனுக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சாதாரண உரிமைதான் எனக்கும் வேண்டும்.

‘தன் காலில் நிற்பது’ என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. பிறர் உதவி ஏதுமின்றி வாழ்வதே அதன் பொருள் என்றால், உலகில் எவரும் தன் காலில் நிற்கவில்லை. படிக்கட்டு என்பதே ஓர் உதவிக் கருவிதானே! அதை எடுத்துவிட்டால் உங்களில் எத்தனை பேர் இரண்டாம் மாடிக்கு வருவீர்கள்? உங்கள் உயரத்துக்கும் உங்கள் காலுக்கும் அளவெடுத்துக் கட்டிய உதவி என்பதால், அது உதவியாகவே உங்கள் கண்ணில் படுவதில்லை. தன்னுரிமை வாழ்வு என்பது உதவியே பெறாத வாழ்வன்று. எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதைத் தானே முடிவு செய்யும் வாழ்வு.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. எட் ராபர்ட்ஸ் என்பவர் பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். மூச்சு விடவே இரும்பு நுரையீரல் என்னும் பொறி வேண்டியிருந்தது. 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது விடுதியில் அந்தப் பொறிக்கு இடமில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையே அவருக்கு விடுதியாயிற்று. உடுத்துவதற்கும் உண்பதற்கும் பிறர் கைகள் வேண்டும். ஆயினும் அந்தக் கைகள் எப்போது, எதைச் செய்யவேண்டும் என்று சொன்னவர் அவரே. அவரும் நண்பர்களும் 1972-இல் தன்னுரிமை வாழ்வுக்கென்றே ஒரு நிலையம் கண்டனர். இவரால் வேலை எதுவும் செய்ய இயலாது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிய கலிபோர்னியா அரசுத் துறைக்கு, 1975-இல் இவரே தலைவரானார்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் கொல்கத்தாவின் ஜீஜா கோஷைப் பாருங்கள். பிறவியிலிருந்தே பெருமூளை வாதம் உடையவர். மாநிலக் கல்லூரியில் சமூகவியல் பயின்றவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடுபவர். 2012 பிப்ரவரி 19 அன்று, கோவாவில் நடந்த மாநாடு ஒன்றுக்குச் செல்லக் கொல்கத்தாவில் விமானம் ஏறி அமர்ந்திருந்தார். உடற்குறையைக் காரணமாக்கி அவரை இறக்கிவிட்டனர். அவர் அழுதுவிட்டு வீட்டில் அமரவில்லை, உச்சநீதிமன்றம் சென்றார். 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது. விமான நிறுவனம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றது நீதிமன்றம். தொகையினும் பெரிது அத்தீர்ப்பின் கருத்து: மாற்றுத்திறனாளிக்கு உரியது பரிவு மட்டுமன்று; மனிதருக்குரிய மதிப்பும் ஆகும்.

அதே 2016-இல் நாடாளுமன்றம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்ற பெயரும் தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறனாளி’ என்று மாறிற்று. நல்லதே. ஆனால் வகுப்பில் இடம் தந்து, வகுப்புக்குப் போகும் படியில் பிடி தராவிட்டால், பெயரை மட்டும் மாற்றி என்ன பயன்?

‘பழைய கட்டடம், பணத்துக்கு எங்கே போவது?’ என்பீர்கள். சுவரில் ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தப் பெருநிதி வேண்டாம். சாய்தளத்துக்குக் கணக்கு எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரையடிப் படிகள் மூன்று இருந்தால் பதினெட்டு அடிச் சாய்தளம் போதும். இரண்டும் முடியாதெனில், கூட்டத்தைத் தரைத்தளத்தில் நடத்துங்கள். அதற்குச் செலவே இல்லை. பாட்டியை அழைத்து வருபவரும், கைக்குழந்தையோடு வருபவரும்கூட உங்களை வாழ்த்துவார்கள். இன்னொன்று: தூக்கு முன், ‘தூக்கட்டுமா?’ என்று கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் கோபிக்காதீர்கள்.

கைத்தாங்கல், தருபவரின் நேரத்தையும் மனத்தையும் பொறுத்தது. கைப்பிடியோ இரவும் பகலும் சுவரில் இருப்பது. எவரிடமும் நன்றி எதிர்பாராதது. வரும் பொங்கல் விழாவுக்கு இடம் தேடும் செயற்குழுவினர் மேடையையும் ஒலிபெருக்கியையும் பார்க்கு முன், ஒருமுறை படிகளைப் பார்க்கட்டும். விழாவுக்கு நான் வருவேன். எட்டு மணிக்கு வேலை இருந்தால், எட்டு மணிக்கே எழுந்து போவேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். தமிழர் பண்பு என்று அதையன்றோ நான் பாராட்டுவேன்!