பன்னாரிக் குண்டமும் ஒரு பிரசங்கியாரின் தீப்பெட்டியும்

சென்ற இதழில் வேதாகமத்தின் அக்கினியைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கும் பிரசங்கியாருக்கு முதலில் நன்றி. இத்தனை நாள் மேடையில் மைக்கைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுத்தில் வைத்துவிட்டார். பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்தென்றால் பதில் எழுதலாம்.

அவர் வாதம் இதுதான். வேதத்தில் நெருப்பு என்றாலே தேவ கோபம். சோதோமில் பெய்ததும், ஆரோனின் பிள்ளைகளை எரித்ததும், நரகத்தில் எரியப்போவதும் ஒரே நெருப்பு. ஆகவே நெருப்பைக் கொண்டாடுகிற எவனும் தேவனுக்கு விரோதி. பன்னாரியில் குண்டம் இறங்குகிறவர்களும் கோவை தண்டுமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவர்களும் மோளேகின் சந்ததி. ஆலயத்தில் குத்துவிளக்கு ஏற்றும் கிறிஸ்தவனும் ஈஸ்டர் இரவில் புதுநெருப்பு மூட்டும் பாதிரியாரும் ‘அந்நிய அக்கினி’ கொண்டுவந்தவர்கள். ஆதி மிஷனரிகள் இதையெல்லாம் தயக்கமில்லாமல் துடைத்தெறிந்தார்களாம், நாம்தான் தளர்ந்துபோனோமாம். கடைசியில் ஒரு ஜெபம்: கொங்கு மண்ணில் பரலோக அக்கினி இறங்கி இவற்றையெல்லாம் பட்சிக்கட்டும்.

நான் குண்டம் இறங்குகிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவன். குண்டத்துக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை, அதற்கு அவர்கள் என்னைக் கேட்கவும் இல்லை. நான் படிக்கிற வேதத்தை ஒருவர் இப்படிக் கையாண்டிருக்கிறாரே என்றுதான் எழுதுகிறேன்.

நாலு பக்கக் கட்டுரையில் மோசேயின் முட்செடி ஒரு வரியில்கூட இல்லை. நொய்யலை விட்டுவிட்டுக் கோவைக் குளங்களைப் பற்றி எழுதுகிற வேலை இது. யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் தேவன் மோசேயிடம் முதல்முதலாகப் பேசுவதே நெருப்பிலிருந்துதான். அந்த நெருப்பின் அதிசயம் அது எரித்தது அல்ல, எரிக்காமல் விட்டது. செடி வெந்துபோகவில்லை, அதனால்தான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மனிதர் கிட்டே போய்ப் பார்க்கிறார். வந்த செய்தியும் கோபச் செய்தி இல்லை. எகிப்தில் அடிமைகளாய்க் கிடக்கிறவர்களின் கூக்குரலைக் கேட்டேன், விடுவிக்க வந்திருக்கிறேன் என்ற செய்தி. அதே புத்தகத்தில் ராத்திரி நடைக்கு வழிகாட்டிய அக்கினித் தூண் வருகிறது. ஏசாயாவின் உதட்டைத் தொட்டுக் குற்றம் நீக்கிய தணல் இருக்கிறது. பேசாமல் இருக்கப் பார்த்த எரேமியாவின் எலும்புக்குள் எரிந்த நெருப்பு இருக்கிறது. எம்மாவு சாலையில் இரண்டு சீஷர்களின் இருதயத்தில் கொழுந்துவிட்டதும் இருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் வந்த அக்கினி நாவுகள் ஒருவர் தலைமயிரையும் கருக்கவில்லை. அன்றைக்கு நடந்தது, வேற்றூர்க்காரர்கள் அவரவர் பாஷையில் கேட்டுப் புரிந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரனின் பாஷை புரிந்தால் அதுதான் பெந்தெகொஸ்தே நெருப்பு. பிரசங்கியாருக்கு அந்த அனுபவம் இன்னும் வாய்க்கவில்லை போலிருக்கிறது.

கர்மேல் மலையில் எலியா இறக்கிய நெருப்புக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார். நல்லது, அது 1 இராஜாக்கள் பதினெட்டாம் அதிகாரம். பத்தொன்பதாவதைப் புரட்ட ஒரு விரல் போதும். அதே எலியா ஓரேப் மலைக்குகையில் நிற்கிறார். பெருங்காற்று வருகிறது, பூமி அதிர்கிறது, நெருப்பு வருகிறது. அந்த நெருப்பில் கர்த்தர் இல்லை என்று வேதமே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு வந்த மெல்லிய சத்தத்துக்கு நம்மை அழைத்துப்போகிறது. நெருப்பு என்றாலே தேவன்தான், தேவன் என்றாலே நெருப்புதான் என்று நினைக்கிறவர்களுக்காக எழுதிவைத்த அதிகாரம் மாதிரி இருக்கிறது.

சோதோமை எடுத்திருக்கிறார், எடுக்கட்டும். அந்தத் தீ பெய்வதற்கு முன்னால் ஆபிரகாம் தேவனோடு பேரம் பேசினாரே, அது எங்கே? ஐம்பது நீதிமான்களில் தொடங்கி நாற்பத்தைந்து, நாற்பது என்று இறங்கிப் பத்துவரை வந்து மன்றாடினார். பிரசங்கியார் கொங்கு நாட்டுக்காக ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

கோபத்தின் நெருப்பு வேதத்தில் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் அந்தக் கோபமும் எதற்காக எரிகிறது என்று பார்க்க வேண்டும். மல்கியா மூன்றாம் அதிகாரத்தில் தேவன் புடமிடுகிறவராக உட்கார்ந்திருக்கிறார். கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெரியகடை வீதிப் பக்கம் ஏதாவது ஒரு நகைப் பட்டறைக்குள் போய் நின்று பார்த்தால் போதும். மூசையில் பழைய தங்கத்தைப் போட்டு, வெண்காரம் தூவி, சுடரைப் பிடிக்கிறார்கள். தங்கம் உருகிச் சுழல்கிறது, அழுக்கு ஒதுங்குகிறது. ஆசாரி கண்ணை எடுப்பதில்லை. சூடு குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் சேதாரம். அவருக்கு வேண்டியது தங்கம், சாம்பல் இல்லை. தீர்க்கதரிசி புடமிடுகிறவரை உட்காரவைத்தது ஏன் என்று அங்கே தெரியும். இன்னொன்றையும் பிரசங்கியார் கவனித்திருக்கலாம். மல்கியா புடமிடச் சொல்வது லேவியின் புத்திரரை, அதாவது ஆசாரியர்களை. பிரசங்க பீடத்தில் நிற்கிறவர்களை.

நாதாப், அபியூ கதையும் அப்படித்தான். லேவியராகமம் பத்தாம் அதிகாரத்தில் அந்நிய அக்கினி கொண்டுவந்தவர்கள் ஊரில் யாரோ புறஜாதிக்காரர்கள் இல்லை. ஆரோனின் சொந்தப் பிள்ளைகள், அபிஷேகம் பண்ணப்பட்ட ஆசாரியர்கள். குற்றம் நடந்தது கர்த்தருடைய சந்நிதியில், தேவன் கட்டளையிடாததைத் தாமாகவே கொண்டுபோனதில். அதே அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்துக்குள் வரும்போது மது குடிக்கக் கூடாது என்று ஆசாரியர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கையும் தொடர்கிறது. இந்தக் கதையைச் சத்தியமங்கலம் காட்டோரத்தில் வேண்டுதல் தீர்க்கிற ஒரு விவசாயியின் தலையில் கட்ட எந்த வழியும் இல்லை. கட்டளையில்லாத ஒன்றைத் தேவ வார்த்தை என்று சந்நிதியில் வைக்கிறவருக்குத்தான் இது பொருந்தும்.

இனி மோளேகு. பங்குனியில் பன்னாரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். வண்டி வண்டியாக எரிகரும்பு வந்து சேரும். விறகைத்தான் அங்கே கரும்பு என்பார்கள். ராத்திரி முழுக்க எரிந்து தணலாகி, அதைத் தட்டிச் சமப்படுத்தி, விடிவதற்கு முன்னால் பூசாரி முதலில் இறங்குவார். பிறகு மைல் கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள் இறங்குவார்கள். மைசூர்ப் பக்கமிருந்து கன்னடம் பேசுகிறவர்களும் வருவார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் கால்நடைகளையும் நடத்திக் கூட்டிப்போவார்கள், மாடு நோயில்லாமல் இருக்க வேண்டுமே. இதில் எனக்கு இறையியல் உடன்பாடு இல்லை, போகட்டும். மோளேகு என்ற தெய்வத்துக்கு முன் நடந்தது என்ன? எரேமியா ஏழாம் அதிகாரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: பெற்ற மகனையும் மகளையும் நெருப்பில் தகனித்தார்கள், அது என் மனதிலும் தோன்றவில்லை என்கிறார் கர்த்தர். இங்கே இறங்குகிறவர் தன் சொந்தக் காலில், தன் சொந்த நேர்ச்சைக்காக இறங்குகிறார். கைக்குழந்தையோடு இறங்குகிறவர்கள் உண்டு, அது ஆபத்து, கண்டிக்கலாம், நானும் கண்டிக்கிறேன். ஆனால் அந்தத் தாய் இறங்குவது அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று. அந்தப் பலி நடந்த தோப்பேத்துக்குக் கொண்டுபோன பிள்ளை வீடு திரும்பவில்லை. இரண்டையும் ஒன்று என்பது இறையியல் இல்லை, பொய்ச் சாட்சி. பெரும்பாலான புராட்டஸ்டண்டுகளின் கணக்கில் ஒன்பதாவது கட்டளை, கத்தோலிக்கர் கணக்கில் எட்டாவது. எந்தக் கணக்கிலும் தப்ப முடியாது.

தோப்பேத்து இருந்த இன்னோம் பள்ளத்தாக்கைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறார்: இயேசுவின் காலத்தில் அது எருசலேமின் குப்பைக் கிடங்கு, வெள்ளலூர் மாதிரி எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் என்று. பல பிரசங்கங்களில் கேட்டதுதான். இதற்குக் கிடைக்கிற மிகப் பழைய எழுத்து தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியருடையது, கி.பி. 1200 வாக்கில் எழுதியது. இயேசுவுக்கு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் பிந்தியது. வேதத்திலும் இல்லை, ஜோசபஸிடமும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பயங்கரத்துக்குக் குப்பை தேவையில்லை, அங்கே எரிந்த பிள்ளைகள் போதும்.

நித்திய அக்கினிக்கு யார் போவார்கள் என்பதற்கு மத்தேயு இருபத்தைந்தில் இயேசுவே பட்டியல் தருகிறார். பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுக்காதவர்கள், தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் தராதவர்கள், அந்நியனைச் சேர்த்துக்கொள்ளாதவர்கள், வியாதியாயும் காவலிலும் இருந்தவனைப் போய்ப் பார்க்காதவர்கள். குண்டம் இல்லை, அக்கினிச்சட்டி இல்லை, குத்துவிளக்கு சுத்தமாக இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் பிகார்க்காரப் பையன் அந்தப் பட்டியலில் ‘அந்நியன்’ என்று வருகிறான், அவனைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

குத்துவிளக்கு அந்நியம் என்கிறவர் யாத்திராகமம் இருபத்தேழை என்ன செய்வார்? ஒலிவ எண்ணெய் ஊற்றி விளக்கு எப்போதும் எரியவேண்டும் என்பது அங்கே தேவ கட்டளை. பலிபீடத்து நெருப்பு அணையக் கூடாது என்பது லேவியராகமம் ஆறு. ‘ஆதி மிஷனரிகள் தயக்கமில்லாமல் துடைத்தெறிந்தார்கள்’ என்பதற்கு வருவோம், ஏனென்றால் இது நம் ஊர்ச் சரித்திரம், இதில் கைவைத்தால் சும்மா விட முடியாது. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் புதுக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ள அனுமதித்தார். அதே வருஷம் ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து கிளம்பிச் சேந்தமங்கலம், சேலம் என்று கொங்குப் பக்கம் வந்தார். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பல சடங்குகளுக்குக் கடிவாளம் போட்டார், மிஷனரிகள் அதற்குச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கோவைப் பகுதியின் முதல் கத்தோலிக்க ஆயர் மரியோன் பிரெசிலாக் 1846-இல் கருமத்தம்பட்டியில் திருநிலைப்படுத்தப்பட்டார். எந்த உள்ளூர் வழக்கம் மூடநம்பிக்கை, எது வெறும் ஊர்மரியாதை என்ற கேள்வி அவரை விடவே இல்லை. ரோமாபுரியிடம் தெளிவு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. மனசாட்சிக்கு விரோதமாக ஆள முடியாது என்று பதவியை விட்டார், 1855-இல் ராஜினாமா ஏற்கப்பட்டது. மறுவருஷம் லியோனில் ஆப்பிரிக்க மறைபணிக்காக ஒரு சபையைத் தொடங்கி, 1859-இல் பிரீடவுனில் காய்ச்சலில் இறந்துபோனார். தயக்கமில்லாத மிஷனரியா இவர்? ஒரு ஆயர் நாற்காலியையே விட்டு இறங்கிய கேள்வியை நம் பிரசங்கியார் மூன்றாம் பக்கத்தில் ஐந்தே வரியில் முடித்துவைத்திருக்கிறார். மிஷனரிகள் செய்ய வேண்டியிருந்த அந்தச் சத்தியப்பிரமாணத்தை ரோமாபுரி 1940-இல் நீக்கியது. 1969-இல் இந்தியாவுக்கென்று ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களில் எண்ணெய் விளக்கும் ஒன்று.

இப்போது அந்த ஜெபம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

லூக்கா ஒன்பதாம் அதிகாரம். எருசலேமுக்குப் போகிற வழியில் ஒரு சமாரியர் கிராமம் இயேசுவைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு வழிபாடு, வேறு மலை, பல நூற்றாண்டுப் பகை. யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள்: வானத்திலிருந்து நெருப்பு இறங்கி இவர்களை அழிக்கும்படி நாங்கள் சொல்லட்டுமா? எலியாவின் முன்மாதிரியும் கையில் இருக்கிறது. 2 இராஜாக்கள் முதல் அதிகாரத்தில் சமாரியாவின் ராஜா அனுப்பிய சேவகர்கள்மேல் எலியா நெருப்பு இறக்கியிருக்கிறார். வசனம் இருக்கிறது, தீர்க்கதரிசி இருக்கிறார், அதே பிரதேசம், அதே ஜனங்கள். பிரசங்கியார் கட்டுரையில் இருக்கிற அத்தனை பொருளும் அன்றைக்கே அந்த இரண்டு பேர் கையில் இருந்தது. இயேசு திரும்பிப் பார்த்து அதட்டினார். (எலியாவைச் சொல்லும் சொற்றொடர் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, உண்மை. அதட்டியது எல்லாவற்றிலும் இருக்கிறது.) அப்புறம் அவர்கள் வேறொரு கிராமத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான். பிரசங்கியார் அதட்டு வாங்கின ஜெபத்தை எடுத்து, ‘ஆமென்’ போட்டு, அச்சில் ஏற்றியிருக்கிறார்.

அதுவும் எந்த ஊரில்? கோவையில். 1997 நவம்பரில் கடைகள் எரிந்த ஊர் இது. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேரை இழந்த ஊர். உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் டவுன்ஹாலிலும் அந்த நாட்களை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் கடை நடத்துகிறார்கள். ‘ஆவிக்குரிய அர்த்தத்தில்தான் சொன்னேன்’ என்று பதில் வரும், எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைத் தெருவில் தீப்பெட்டியோடு நிற்பவனுக்கு யார் விளக்குவது?

பதில் எழுதுவதானால் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு எழுதட்டும். முதலாவது, 1 கொரிந்தியர் மூன்று. அங்கே பவுல் சொல்லும் நெருப்பு போதகர்களின் வேலையைச் சோதிக்கிறது. பொன்னும் வெள்ளியும் நிற்கும், புல்லும் வைக்கோலும் போகும், கட்டினவர் மட்டும் எப்படியோ தப்புவார். சோளத்தட்டுப் போர் போட்டிருப்பவர் நெருப்பைக் கூப்பிடும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, அப்போஸ்தலர் இருபத்தெட்டு. கப்பல் உடைந்து பவுல் மெலித்தா தீவில் கரையேறுகிறார். மழை, குளிர். அந்தத் தீவுக்காரர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, தங்கள் தெய்வங்கள் உள்ளவர்கள். நெருப்பு மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பவுல் அதை அந்நிய அக்கினி என்று சொல்லி மழையில் நனைந்துகொண்டு நின்றாரா, அல்லது சுள்ளி பொறுக்கி வந்து அதே நெருப்பில் போட்டாரா என்பதை மட்டும் பிரசங்கியார் தன் பதிலின் முதல் பத்தியில் எழுதட்டும். மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.