யார் வந்தேறி?

பொங்கலன்று எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லோரும் மொட்டை மாடியில் கூடியிருந்தோம். சர்க்கரைப் பொங்கல், வடை, குழந்தைகளுக்கு உறியடி எல்லாம் ஆனபிறகு, ஆண்கள் வழக்கம்போல ஓரமாக நின்று நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ மணிப்பூருக்குப் போயிற்று.

"அந்தக் குக்கிங்க எல்லாம் பர்மாவுலேர்ந்து வந்தவங்கதானே சார்? திருப்பி அனுப்பிட்டா பிரச்சினை தீர்ந்துது" என்றார் ஒருவர். நல்ல மனிதர்தான். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் வண்டியை எடுப்பவர்.

இதைச் சொன்னது பெங்களூரில் இருபது வருடமாகக் குடியிருக்கும் தமிழர் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால ஆணையை ஒட்டி இதே ஊரில் தமிழர்கள் அடிபட்டார்கள், வீடுகள் எரிந்தன, பலர் குழந்தை குட்டிகளோடு எல்லை தாண்டி ஓடினார்கள். நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா சேலத்துக்காரர். அந்த வாரம் முழுக்க வாசலில் நின்று தமிழ் பேசக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தாராம். அந்தப் பயம் தெரிந்தவர்கள் இன்னொருவனை 'வந்தேறி' என்று எப்படிச் சொல்கிறோம்?

சரி, பர்மாவிலிருந்து வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மணிப்பூரின் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். அங்கே சில ஆயிரம் தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். 1962-இல் நே வின் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் அரசுடைமையானபோது பர்மாவை விட்டு வெளியேறியவர்களும் அவர்கள் வாரிசுகளும்தான் இவர்கள். தாயகம் வந்தும் ஒட்டாமல், நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கியவர்கள் பலர். "அப்ப அவங்களை எந்த ஊருக்கு சார் அனுப்பலாம்?" என்று கேட்டேன். காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்கள்.

குக்கிகள் 1917-19-லேயே அந்த மலைகளில் வெள்ளைக்காரனை எதிர்த்துப் போர் புரிந்தவர்கள். நேற்று வந்தவர்கள் இல்லை. 2021-இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு அகதிகள் வந்ததும் உண்மை. மெய்தேய்களின் குறையும் பொய்யில்லை. மாநில மக்களில் பாதிக்கு மேல் இருப்பவர்கள், நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கே உள்ள பள்ளத்தாக்கில் நெருங்கி வாழ்கிறார்கள், மலையில் நிலம் வாங்க முடியாது. இதெல்லாம் உட்கார்ந்து பேசவேண்டிய வழக்கு. 2023 மே 3-க்குப் பிறகு அதைத் துப்பாக்கியால் பேசினார்கள். காவல் நிலையங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆயுதம் கொள்ளை போனது. அதைத் தடுக்காத அரசை என்னவென்று சொல்வது?

250-க்கும் மேற்பட்ட உயிர்கள். சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். இந்த எண்களைப் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப் போய்விட்டது. ஆனால் 2023 ஜூன் 4-ஐ என்னால் மறக்க முடியவில்லை. முகாமில் இருந்த ஒரு சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. ஆம்புலன்சில் இம்பாலுக்குக் கொண்டு போகிறார்கள். அப்பா குக்கி. அம்மா மெய்தேய். மெய்தேய் பகுதிதானே என்று அம்மாதான் கூடப் போனார், உறவுக்காரப் பெண் ஒருவரும். வழியில் கும்பல் மறித்து வண்டியோடு மூவரையும் எரித்தது. அந்தப் பிள்ளை எந்த இனம்? யார் சொல்வது?

'பார்த்தீர்களா, மெய்தேய்கள் இப்படித்தான்' என்று உடனே ஆரம்பிப்பவர்களுக்கு: 2024 நவம்பரில் ஜிரிபாமில் மூன்று மெய்தேய் பெண்களும் கைக்குழந்தை உட்பட மூன்று குழந்தைகளும் கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் அதே மாவட்டத்தில் மூன்று பிள்ளைகளின் தாயான ஒரு ஹ்மார் ஆசிரியை எரிக்கப்பட்டிருந்தார். எந்த இடத்திலிருந்து கணக்கை ஆரம்பிப்பீர்கள்? உங்களுக்குப் பிடித்த தேதியிலிருந்தா?

இரண்டு பக்கத்துக்கும் நடுவே படையை நிறுத்திக் கோடு கிழித்துவிட்டு அதற்கு அமைதி என்று பெயர் வைத்தார்கள். முகாமில் இருப்பவன் தன் வீட்டுக்குத் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பயப்படாமல் தூங்கினால்தான் அது அமைதி. கொன்றவன் எந்தப் பக்கமானாலும் கூண்டில் ஏறவேண்டும், ஆயுதம் திரும்பி வரவேண்டும். அதற்கு டெல்லி வேலை செய்யவேண்டும். நாம் குறைந்தபட்சம் பாதி பொய்யான வீடியோக்களைக் குழுவில் தள்ளிவிடாமல் இருக்கலாம். 2012 ஆகஸ்டில் வெறும் எஸ்எம்எஸ் வதந்திக்குப் பயந்து வடகிழக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இதே பெங்களூரிலிருந்து ரயிலேறி ஓடியதை மறந்துவிட்டோமா?

என் அணியில் இரண்டு மணிப்பூர்ப் பையன்கள். ஒருவன் மெய்தேய், ஒருவன் குக்கி. முன்பெல்லாம் ஊரிலிருந்து வரும் கருவாட்டுச் சட்னியை ஒரே டப்பாவில் பகிர்ந்து தின்று, கேண்டீனையே நாறடிப்பார்கள் :-) 2023-க்குப் பிறகு ஒருவன் பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போகிறான், மற்றவன் ஒன்றரைக்கு. சண்டை எதுவும் போட்டதில்லை.

2024 டிசம்பரில் இருவரும் ஒரே நாளில் விடுப்புக் கேட்டு வந்தார்கள். மெய்தேய் பையனுக்கு நான்கு நாள். குக்கிப் பையன் எட்டு நாள் கேட்டான். இம்பால் விமான நிலையம் இருப்பது பள்ளத்தாக்கில், அவன் அங்கே கால் வைக்க முடியாது. ஐஸ்வாலில் இறங்கி மலைப்பாதையில் ஒரு முழு நாள் போகவேண்டும், வர இன்னொரு நாள். காரணம் எழுதும் கட்டத்தில் இருவரும் ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: அம்மாவைப் பார்க்க.