ஆர்டி ஏன் முரண்டு பிடிக்கிறது?

எம்எஸ்-டாஸ் ஓடும் பழைய கணினியைத் தூசு தட்டி எடுத்தவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வேண்டாத டைரக்டரிகள் வரிசையாகக் கிடக்கும்; அவற்றை ஒரேயடியாக அழிக்க முடியாது. டைரக்டரியை நீக்கும் ஆர்டி கட்டளை ஒரு தடவைக்கு ஒரு பெயரைத்தான் ஏற்கும். நட்சத்திரக் குறி போட்டால் செல்லாது. உள்ளே ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் 'காலியாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடும்.

1983இல் டாஸ் 2.0 வழியாக டைரக்டரிகள் வந்தபோதே வைத்த கட்டுப்பாடு இது. குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அதன் உள்ளடக்கம் உடனே போய்விடாது. டைரக்டரியில் இருக்கும் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒரு அடையாளக் குறியாக மாறும்; அந்த இடம் காலி என்று கணக்கில் ஏறும். அதனால்தான் 1991இல் டாஸ் 5.0 உடன் வந்த அன்டெலீட் கட்டளை, கோப்பை மீட்கும்போது முதல் எழுத்து என்னவென்று நம்மிடமே கேட்கும். ஆனால் அந்தப் பெயர்கள் எழுதியிருக்கும் ஏடுதான் டைரக்டரி. ஏட்டையே எடுத்துவிட்டால், அதில் இருந்த கோப்புகளுக்கு அன்டெலீட் கைவிரித்துவிடும். ஆர்டி தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

1993இல் டாஸ் 6.0 உடன் டெல்ட்ரீ வந்தது. பெயர்களை இடம் விட்டு அடுக்கினால் போதும், உள்ளிருக்கும் கிளைகளோடு சேர்த்துத் துடைத்துவிடும். மறைத்து வைத்த கோப்பு, எழுதத் தடையுள்ள கோப்பு என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. நட்சத்திரக் குறியையும் ஏற்கும். சிக்கலே அங்குதான். 'டெம்ப்*.*' என்று அடித்தால் டெம்ப்1, டெம்ப்2 டைரக்டரிகளோடு, பக்கத்தில் சும்மா இருக்கும் டெம்ப்ளேட்.டாக் கோப்பும் சேர்ந்து போகும். ஒவ்வொன்றுக்கும் ஒய்யா, என்னா என்று கேட்கும்தான். ஸ்லாஷ் ஒய் சேர்த்தவருக்கு அந்தக் கேள்வியும் வராது. அவசரக்காரர்களுக்கு ஸ்லாஷ் ஒய்யைச் சொல்லித் தராமல் இருப்பதே மேல்.

ஆகவே முதலில் 'டிர் ஸ்லாஷ் ஏடி' கொடுத்து டைரக்டரிகளை மட்டும் பட்டியலிட்டுப் பாருங்கள். பிறகு பெயர்களை முழுதாக அடித்து டெல்ட்ரீயிடம் கொடுங்கள்.

டாஸ் 5.0 அல்லது அதற்கும் முந்தையது என்றால் ஃபார் கட்டளை கை கொடுக்கும். அடைப்புக்குறிக்குள் டைரக்டரிப் பெயர்களைக் கொடுத்து, முதல் சுற்றில் டெல் மூலம் கோப்புகளையும் அடுத்த சுற்றில் ஆர்டி மூலம் டைரக்டரிகளையும் அழிக்கலாம். பேட்ச் கோப்பில் எழுதினால், ஃபார் மாறியின் முன் வரும் சதவீதக் குறியை இரண்டு முறை போட வேண்டும். கிளை டைரக்டரிகள் இருந்தால் உள்ளே இருப்பதிலிருந்து அழிக்கத் தொடங்கி வெளியே வர வேண்டும்.

எல்லாம் அழித்தும் ஆர்டி அடம் பிடித்தால், டிர் காட்டாத மறைகோப்பு ஒன்று உள்ளே இருக்கும். அல்லது நீங்கள் அந்த டைரக்டரிக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பீர்கள். அட்ரிப் கட்டளை மறைகோப்பைக் காட்டிக் கொடுக்கும். இரண்டாவதற்கு 'சிடி' அடித்து இரண்டு புள்ளி வைத்தால் போதும்.