பிள்ளை பெற்றதோடு கண்டம் தாண்டிவிடுவதில்லை

"ஆஸ்பத்திரியில பெத்தாச்சு, இனிமே பயமில்ல." பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனாலும் 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார்களை இழந்தோம். பிரசவம் முடிந்து 42 நாள் வரை நேரும் சாவுகளும் சேர்ந்த கணக்கு அது. ஆக, ஆபத்து ஆறு வாரம் வரை கூடவே இருக்கிறது.

"பச்ச ஒடம்புக்குத் தலைவலி இருக்கத்தான் செய்யும்." தூக்கம் கெட்டதால் வந்த தலைவலி படுத்து எழுந்தால் தணியும். தணியாத தலைவலியோடு கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, முகம் வீங்கினாலோ உடனே பிரஷர் பார்க்க வேண்டும். பிரசவமான 3 முதல் 6 நாளுக்குள்தான் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போகும். பல பெண்கள் வீடு திரும்பியிருக்கும் நேரம் அது. கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவர்களுக்கும் இது வரும், முற்றினால் வலிப்பு. குளிர் பட்டதால் ஜன்னி கண்டுவிட்டது என்று கம்பளி போர்த்திக் காத்திருந்தால் உயிரே போகலாம்.

"பால் கட்டிருக்கு, அதான் காய்ச்சல்." இருக்கலாம். ஆனால் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டு, குளிர் நடுக்கமும் அடிவயிற்று வலியும் நாற்றமடிக்கும் கசிவும் சேர்ந்தால் அது கருப்பைத் தொற்றாக இருக்கலாம். ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறும்.

"கெட்ட ரத்தம் போகட்டும்." உதிரப்போக்கு நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, கோழிமுட்டை அளவு கட்டி விழுந்தாலோ, குறைந்த உதிரம் திரும்பக் கொட்டினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தசோகை உள்ள பெண் கொஞ்சம் இழந்தாலும் தாங்க மாட்டாள்.

"தண்ணி குடிச்சா வயிறு ஊதிடும், படுத்தே கெட." ஓய்வும் பத்தியச் சோறும் நல்லவைதான், தண்ணீரை மறுப்பது நல்லதல்ல. பேறுகாலத்தில் ரத்தம் எளிதில் உறையும். தண்ணீர் குறைந்து, நடமாட்டமும் இல்லாவிட்டால் காலில் ரத்தக்கட்டி உண்டாகலாம். சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ தாமதிக்கக் கூடாது.

"சும்மா அழுவுறா." இரண்டு வாரத்துக்கு மேலும் மனச்சோர்வு நீடித்தால் அது நோய், மருத்துவம் உண்டு. தன்னையோ பிள்ளையையோ மாய்த்துவிடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

"ஒன்றரை மாச ஊசிக்குப் போறப்ப காட்டிக்கலாம்." உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்த நெறி வேறு: முதல் 24 மணி நேரம், 48 முதல் 72 மணி நேரம், 7 முதல் 14 நாள், ஆறாம் வாரம் என நான்கு முறை தாயைப் பார்க்க வேண்டும். இங்கே தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். கர்ப்பத்தைப் பதிந்த நர்சம்மா இருப்பதோ புகுந்த ஊரில். இரண்டு ஊருக்கும் நடுவில் அவள் விடுபட்டுப் போகிறாள். எந்த ஊருக்குப் போகிறாள் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு, அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் சொல்வதை மருத்துவமனைகள் கடமையாக்க வேண்டும். முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக்குப் போய் பிரஷர் பார்க்க வேண்டும்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் முடிவு மட்டும் வீட்டில்தான் எடுக்கப்படுகிறது. மாமியார், அம்மா, கணவன் மூவருக்கும் இந்த அறிகுறிகள் தெரிய வேண்டும். "எனக்கு என்னவோ பண்ணுது" என்று அவள் சொன்னால், எதிர்க்கேள்வி கேட்காமல் வண்டியைக் கூப்பிடுங்கள்.