திரைக்கதையைத் திருத்தியவர்கள்

பிரதிநிதித்துவம் என்றாலே நாம் திரையில் தெரியும் முகங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். நம்மவர் ஒருவர் நாயகனாக வந்துவிட்டால் கைதட்டுகிறோம். அந்த முகம் என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்று கேட்பதில்லை. ஹாலிவுட்டில் லத்தீனோ மக்களின் வரலாறு நம்மை அப்படிக் கேட்கச் சொல்கிறது.

லத்தீனோக்கள் என்போர் மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா போன்ற லத்தீன் அமெரிக்க நிலங்களின் வழிவந்த மக்கள். 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அவர்கள் 6.2 கோடிப் பேர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

மௌனப்படக் காலத்தில் மெக்சிகர்களை இழிவுபடுத்தும் 'கிரீஸர்' என்ற வசைச்சொல் படத் தலைப்புகளிலேயே இருந்தது. திரையில் அவர்கள் திருடர்கள், துரோகிகள். 1922இல் மெக்சிகோ அரசு, தன் மக்களை இழிவுபடுத்தும் நிறுவனங்களின் படங்களுக்குத் தடை விதித்தது. சந்தை கைவிட்டுப் போகும் என்றதும்தான் ஹாலிவுட் கொஞ்சம் இறங்கி வந்தது.

பிறகு, நல்ல வேடம் இருந்தால் அதை வெள்ளையருக்கே கொடுத்தார்கள். 1952இல் மெக்சிகப் புரட்சியாளர் சபாட்டாவாக மார்லன் பிராண்டோ நடித்தார். 1958இல் 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் சார்ல்டன் ஹெஸ்டன் பழுப்புச் சாயம் பூசி மெக்சிக அதிகாரியானார். 1961இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் புவேர்ட்டோ ரிக்கோ பெண் மரியாவாக வந்த நடாலி வுட், ரஷ்யக் குடியேறிகளின் மகள். உண்மையிலேயே புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரேனோவுக்கோ, அவருடைய நிறத்தைவிடக் கருப்பாக ஒப்பனை போட்டார்கள். அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய பிறகும் அதே மாதிரி வேடங்களே அவரைத் தேடி வந்தன. லூப்பே ஒன்டிவெரோஸ் என்ற நடிகை, தான் பணிப்பெண்ணாக நடித்தது 150 முறை இருக்கும் என்று கணக்குச் சொன்னார்.

இதற்கு நடுவே 1954இல் ஒரு படம் வந்தது. 'சால்ட் ஆஃப் தி எர்த்'. நியூ மெக்சிகோவில் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தமே கதை. சங்கத்தினர் மறியல் செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டதும், அவர்களுடைய மனைவிமார் மறியலில் நின்றார்கள். குழந்தைகளோடு சிறைக்கும் போனார்கள். கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட் ஒதுக்கிவைத்த கலைஞர்கள் இதைப் படமாக்கினார்கள்.

மைக்கேல் வில்சன் எழுதிய திரைக்கதையை அந்தத் தொழிலாளர் குடும்பங்களே படித்தன. நாயகன் வேறொரு பெண்ணிடம் போகும் காட்சியையும், கடைசிக் கூலியில் மது வாங்கும் காட்சியையும் எதிர்த்தன. மெக்சிகர் என்றால் குடிகாரர், பெண்பித்தர் என்று ஹாலிவுட் காட்டிவந்த அதே சித்திரம் நண்பர்களின் பேனாவிலும் ஒட்டியிருந்தது. காட்சிகள் நீக்கப்பட்டன. சங்கத் தலைவர் ஹுவான் சக்கோன் நாயகனாக நடித்தார். நாயகி ரொசௌரா ரெவுவெல்டாஸ் படப்பிடிப்பின் நடுவிலேயே கைதாகி மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டார். பெரும்பாலான அரங்குகள் படத்தைத் திரையிட மறுத்தன. சாயம் பூசிய முகங்களைச் சகித்த தொழில்துறைக்கு இந்த ஒரு படத்தைச் சகிக்க முடியவில்லை.

இன்று நிலைமை மாறவில்லையா என்று தோழர்கள் கேட்கலாம். 2014 முதல் 2019 வரையிலான ஆறு ஆஸ்கர் விழாக்களில் ஐந்தில் சிறந்த இயக்குநர் விருதை மெக்சிகர்களே வென்றார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் மெக்சிகோவில் பெயர் பெற்றுவிட்டு வந்தவர்கள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த லத்தீனோவுக்கு அதனால் கதவு திறந்துவிடவில்லை.

2021இல் 'இன் தி ஹைட்ஸ்' வந்தது. லத்தீனோக்கள் எழுதி, லத்தீனோக்கள் நடித்த படம். ஆனால் அந்தப் பகுதியில் நிறைந்து வாழும் கருநிற ஆஃப்ரோ-லத்தீனோக்கள் முதன்மை வேடங்களில் எங்கே என்று அந்தச் சமூகத்தின் இளைஞர்களே கேட்டார்கள். படத்தின் மூலக் கலைஞர் லின்-மானுவல் மிராண்டா பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். சொந்தப் படத்தையும் இப்படிக் கேள்வி கேட்டதை நாம் துரோகமாகப் பார்க்கக்கூடாது. சுரங்கக் குடும்பங்கள் செய்ததும் இதே வேலைதான்.

அடுத்த முறை ஒரு மக்களைப் பற்றிய படம் வெளிவரும்போது, அதில் நடித்தது யார் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்த மக்களில் யாராவது திரைக்கதையைப் படித்து, "இது வேண்டாம்" என்று சொல்ல முடிந்ததா? சொன்னபோது அந்தக் காட்சி நீங்கியதா? இதையும் சேர்த்துக் கேட்போம்.